ஒன்றரை மணி வரைக்கும் தாங்கணும்

அண்ணனை ஐஸ் பெட்டியில வச்சிருந்த அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு, அவன் ரூமுக்குள்ள இருந்து அவன் குரல் கேட்டுச்சு. "எம்மா, மாத்திரை போட்டியா?"

வீட்டுல அப்போ அம்பது பேராவது இருப்பாங்க. ராஜபாளையத்துல எங்க தெரு ரொம்பச் சின்னது, ஒரு சாவுன்னா எதிர்வீட்டு நடை வரைக்கும் ஆள் உக்காந்திருக்கும். அழுதுக்கிட்டிருந்தவங்க வாயைத் திறந்தது திறந்தபடியே நின்னுட்டாங்க. வெளியே கொட்டுக்காரங்க மட்டும் விஷயம் தெரியாம அடிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தக் குரல் எங்கேயிருந்து வருதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பயந்தேன். கண்ணாடிக்குள்ள வாய்க்கட்டோட, மூக்குல பஞ்சோட கெடக்கான். உள்ரூம்ல இருந்து மாத்திரை போட்டியான்னு கேக்கான். யாருக்குத்தான் பயம் வராது?

அம்மா மட்டும்தான் அசரலை. பெட்டி மேல வச்சிருந்த கையை எடுத்தா. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, கூட்டத்தை விலக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயி, டப்பாவைத் திறந்து மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடிச்சா. பொறவு அவன் ரூம் வாசல்ல நின்னு உள்ளே பாத்து, "போட்டுட்டேன்யா"ன்னா. தினமும் சொல்ற மாதிரியே சொன்னா. திரும்பி வந்து பெட்டி மேல கையை வச்சுக்கிட்டா. அதுக்குப் பொறவுதான் வீடு மொத்தமும் ஓன்னு அழுதுச்சு.

அது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. லேப்டாப்.

அண்ணன் ஒரு கம்பெனிக்கு வீட்டுல இருந்தபடியே புரோகிராம் எழுதிக் குடுத்துக்கிட்டிருந்தான். நாப்பத்தியொரு வயசு. கல்யாணம் பண்ணிக்கலை, ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிருவான். அந்த வீட்டுல அம்மாவும் அவனும்தான். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு மீட்டிங்ல உக்காந்துட்டான்னா உலகமே இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது. அம்மாவுக்கு பிரஷர், சுகர், ஒரு தடவை நெஞ்சுவலி வேற வந்து ஆஸ்பத்திரியில கெடந்திருக்கா. மூணு வேளை மாத்திரை. அதுக்காக அவன் பண்ணின வேலைதான் இது. தன் குரலைப் பதிஞ்சு மிஷினுக்குள்ள வச்சு, காலையில எட்டு, மத்தியானம் ஒன்றரை, ராத்திரி எட்டுன்னு நேரம் குறிச்சு விட்டிருந்தான். அது லினக்ஸ் போட்ட மிஷின். இந்த நேரத்துக்கு இந்த வேலையைச் செய்னு ஒரு வரி எழுதி வச்சிட்டா, எழுதினவன் இருக்கானா இல்லையான்னெல்லாம் அது பாக்காது.

அதுவும் ஒண்ணு ரெண்டு இல்லை, ஏகப்பட்டது பதிஞ்சு வச்சிருந்தான். "எம்மா, டீவிய அமத்திட்டு மாத்திரையைப் போடு", "எம்மா, ரோஸ் கலர் மறந்துராத", இப்படி. இன்னைக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்ல மாட்டான்னு அம்மா வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிடுவா. மொத்தம் எத்தனைன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு இந்தக் கூத்து பிடிக்கவே இல்லை. மனசுல பட்டதை வாயில அடக்குற பழக்கம் எனக்குக் கெடையாது. "பெத்தவளுக்கு ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்கப் பத்தடி நடக்க முடியலை, மிஷினை விட்டுக் கேக்கச் சொல்லுதியாக்கும்? வெக்கமா இல்லை?"ன்னு அவன் மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "நீ ஸ்ரீவில்லிபுத்தூர்ல உக்காந்துக்கிட்டு எத்தனை நாள் போன் பண்ணிக் கேட்ட?"ன்னான். சுருக்குன்னு குத்திருச்சு. ஏன்னா நான் கேட்டதே இல்லை. குத்தம் என் மேலன்னா எனக்குக் கோவம் இன்னும் கூடும். அன்னைக்குக் கிளம்பி வந்தவ நாலு மாசம் அவன்கிட்டப் பேசலை. அரை மணி நேரத்துல போற ஊரு, டவுன் பஸ்ஸே இருக்கு. நாலு மாசம் ஏறலை. ஒரு சாயங்காலம் அவனுக்கு முடியலைன்னு போன் வந்து ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

எங்க பக்கம் பிணம் வாசல் தாண்டினதும் வீட்டைக் கழுவி விட்டுடணும். ஆம்பளைங்க சுடுகாட்டுக்குப் போயிருவாங்க. பொம்பளைங்க நாங்க வீடு பூரா தண்ணி ஊத்தித் தள்ளிட்டு, தலைக்குக் குளிக்கணும். அண்ணனைத் தூக்கும்போது மணி பத்தரை. தெருமுக்கு வரைக்கும் போயி விழுந்து பொரண்டுட்டு வந்தேன். வந்ததும் விளக்குமாத்தை நான்தான் எடுத்தேன். "நீ செத்த உக்காருட்டி, மத்தவங்க பாத்துக்கிடுவாங்க"ன்னு சித்தி சொன்னா. சித்தின்னா அம்மா கூடப் பொறந்த தங்கச்சி, பக்கத்துத் தெரு. எனக்கு உக்கார முடியலை. யார் மேலன்னு தெரியாம ஒரு கோவம். அவன் மேலதான், வேற யாரு மேல? இப்படியா ஒருத்தன் பாதிச் சண்டையில போவான்? குடம் குடமாத் தூக்கித் தரையில அடிச்சேன். கூடம், அடுப்படி, பொறவு அவன் ரூம். அவன் ரூம்ல மட்டும் ரெண்டு குடம் கூட ஊத்தினேன்.

மேசைக்கு அடியில எக்ஸ்டென்ஷன் பெட்டியும் லேப்டாப் சார்ஜரும் தரையோட தரையாக் கெடந்துச்சு. நான் கவனிக்கலை. டப்புன்னு ஒரு சத்தம், கருகின வாடை, வீடு பூராக் கரண்டு போயிருச்சு. சித்தி என் தலைமுடியைப் பிடிச்சு வெளியே இழுத்தா. "எடுபட்டவளே, ஒரே நாள்ல இந்த வீட்டுல இருந்து ரெண்டு போகணுமா?"ன்னு போட்டாளே ஒரு சத்தம்.

டிரிப்பரைத் தூக்கி விட்டதும் கரண்டு வந்துச்சு. ஃபேன் சுத்துச்சு. சார்ஜர்ல எப்பவும் எரியுற பச்சை விளக்கு மட்டும் எரியலை. துடைச்சேன், வெயில்ல காட்டினேன், தட்டிப் பாத்தேன். ம்ஹூம். மேசை மேல இருந்த லேப்டாப் நனையலை. பூட்டின ஸ்கிரீன்ல மணியைக் காட்டிக்கிட்டு பாஸ்வேர்டு கேட்டு நின்னுச்சு. மூலையில பேட்டரி படம் வந்திருந்துச்சு. அதைப் பாத்ததும் சார்ஜரைக் கீழே போட்டுட்டு என் போனைத் தேடினேன்.

ஏன்னா அந்த மிஷின் அணைஞ்சா அம்புட்டுதான்னு எனக்குத் தெரியும். கம்பெனி வேலைங்கிறதால டிஸ்க் மொத்தத்தையும் பூட்டி வச்சிருந்தான். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் நீளமா ஒரு ரகசிய வாக்கியம் கேக்கும். சரியா அடிச்சாத்தான் உள்ளேயே விடும். அதை எங்கேயும் எழுதி வைக்க மாட்டான். "என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு, எவனாலயும் எடுக்க முடியாது"ன்னு பெருமையாச் சொல்லுவான். அந்த மண்டை அப்போ சுடுகாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் பூட்டு திறந்திருக்கும். சார்ஜ் தீந்து அணைஞ்சுதோ, அவன் பதிஞ்சு வச்ச குரல் அத்தனையும் உள்ளேயே கெடக்க வேண்டியதுதான்.

விவரம் தெரிஞ்சவங்க, தூங்க வச்சிருக்கலாமேம்மா, சார்ஜ் ஒரு நாள் நின்னிருக்குமேன்னு கேப்பாங்க. அந்த மாடலுக்கும் லினக்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். தூங்க வச்சா எந்திரிக்காது. ஸ்கிரீன் கறுப்பாவே நிக்கும், பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சு மறுபடியும் முதல்ல இருந்து வரணும். அதனால தூக்கத்தையே எடுத்து விட்டிருந்தான். ராத்திரி பகல் முழிச்சுக்கிட்டேதான் கெடக்கும்.

எனக்கு இம்புட்டும் எப்படித் தெரியும்னா, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கோர்ட்டுக்குப் பக்கத்துல டைப்பிங் கடை வச்சிருக்கேன். மனு அடிக்கிறது, ஆன்லைன்ல விண்ணப்பம் போடுறது, பிரிண்ட் எடுக்கிறது. கடை மிஷின்ல எல்லாம் அவன்தான் லினக்ஸ் ஏத்திக் குடுத்தான். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில ஒம்போதுக்குக் கரண்டை எடுத்தா சாயங்காலம்தான் வரும். அன்னைக்குன்னு பாத்துத்தான் கோர்ட்டுல கூட்டம் சேரும். பேட்டரியை எப்படி இழுத்துப் பிடிக்கணும்னு அந்தக் கடையில உக்காந்துதான் கத்துக்கிட்டேன்.

ஊர்ல ரெண்டு கடைக்குச் சார்ஜர் கேட்டுப் போன் பண்ணினேன். அந்தப் பின் பழசு, வர்றதே இல்லைன்னுட்டாங்க. மதுரையில ஒரு கடையில இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் கடைப் பையனைக் கூப்பிட்டு விசாரிச்சார். பொறவு, "குடோன்ல கெடக்குக்கா. ஆள் அனுப்பி எடுத்து ரெண்டு மணி பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன். அஞ்சு மணிக்கு உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல இருக்கும்"னார். அப்போ மணி பதினொண்ணு. அவன் கையில அந்த பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தாங்கினதில்லை.

அஞ்சு மணி கெடக்கட்டும், ஒன்றரை வரைக்குமாவது தாங்கணும்னு இருந்துச்சு எனக்கு. ஏன்னா அம்மா குளிச்சிட்டு ஈரத்தலையோட வந்து, "ஒன்றரைக்குக் கேப்பான்ல?"ன்னா.

"நான் எடுத்துத் தாரேன்மா. இன்னைக்கு ஒரு நாள் இப்பவே போட்டுரு."

"அவன் கேக்கட்டும். அவன் கேட்டாத்தான் போடுவேன்."

"எம்மா, மத்தியான மாத்திரையை விடக்கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சிக்கிட்டார்ல?"

"அதான் அவன் கேப்பான்ல"ன்னுட்டு, சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டா. முகம் வீங்கிப்போய்க் கெடந்துச்சு. ராத்திரி பூரா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கலை. இவளும் நம்மள விட்டுப் போயிருவாளோன்னு எனக்குப் பயமாயிருச்சு.

முதல்ல ஸ்கிரீன் வெளிச்சத்தை இறக்கினேன். கீபோர்டுக்கு அடியில எரியுற விளக்கை அணைச்சேன். சைடுல குத்தியிருந்த மவுஸ், வெளி டிஸ்க், நெட் வயர் எல்லாத்தையும் பிடுங்கினேன். குத்தியிருந்தாலே குடிக்கும் அதெல்லாம். மவுஸைப் பிடுங்கும்போது அது மேல அவன் விரல் அழுக்கு வழவழன்னு இருந்துச்சு. அதைத் துடைக்கத் தோணலை.

அந்த மிஷின்ல எனக்குன்னு ஒரு லாகின் உண்டு. லீவுக்கு வந்தா கடை வேலை பாக்கணும்னு முன்னாடி எப்பவோ போட்டுக் குடுத்தது. அதுல போனா அவன் ஃபோல்டருக்குள்ள எட்டிக்கூடப் பாக்க முடியாது, ஆனா எவ்வளவு கரண்டு இழுக்குதுன்னு பாக்கலாம். படம் காட்டுற ஸ்கிரீனை விட்டுட்டு வெறும் எழுத்து மட்டும் வர்ற கறுப்புத் திரைக்குப் போனாலும் சார்ஜ் மிச்சமாகும். மூணு கீயைச் சேத்து அமுக்கிக் கறுப்புத் திரைக்குப் போனேன். என் பேரை அடிச்சேன், பாஸ்வேர்டை அடிச்சேன். உள்ளே விட்டுச்சு. விட்டதும் முதல் வரியில, கடைசியா நான் வந்துட்டுப் போன தேதியைக் காட்டுச்சு. சண்டை போட்ட நாள். எல்லா லினக்ஸும் அப்படித்தான் காட்டும், வேணும்னு பண்றது இல்லை. எனக்கு மட்டும் பளார்னு ஒண்ணு வாங்கின மாதிரி இருந்துச்சு.

ஓடுற வேலை எல்லாத்தையும் பட்டியல் போடச் சொன்னேன். வரிவரியா வந்துச்சு, பாதி வரி அவன் பேர்ல. செத்தவன் பேர்ல நூத்துச் சொச்சம் வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு. பிரவுசர்ல எத்தனை பக்கம் திறந்து வச்சிருந்தானோ, அதுதான் எல்லாத்தையும் விடத் தின்னுச்சு. நிறுத்திப் பாத்தேன். உனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிருச்சு. "ஆமா, நீ செத்தும் எனக்கு அனுமதி குடுக்க மாட்ட"ன்னு வாய்விட்டே திட்டினேன். சித்தி வாசல்ல நின்னு பாத்துட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டா.

பொறவு ஒரு யோசனை வந்துச்சு. நெட்டு இருந்தாத்தானே பிரவுசர் ஆடும்? விமானம் படம் போட்ட கீயை அமுக்கி வைஃபை, புளூடூத் ரெண்டையும் அணைச்சேன். செத்த நேரத்துல பிரவுசர் அடங்கிருச்சு. பதினாலு வாட் இழுத்துக்கிட்டிருந்தது அஞ்சுக்கு வந்துச்சு. கடையில ஒரு நாளும் நான் இம்புட்டு இறக்கினதில்லை. மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், மூணரை நாலு வரைக்கும் வரும். ஒன்றரையைத் தாண்டிருவோம்டா அண்ணேன்னு நெனச்சேன். அந்த எடத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

ரூம் புழுக்கத்துல மிஷினுக்குள்ள இருக்கிற குட்டி ஃபேன் திடீர் திடீர்னு சுத்துச்சு. அதுவும் சார்ஜைத் தின்னும். ரெண்டு பக்கமும் புஸ்தகத்தை அண்டக் குடுத்து லேப்டாப்பைத் தூக்கி வச்சேன், காலண்டர் அட்டையை எடுத்து அடியில விசிற ஆரம்பிச்சேன். ஃபேன் அடங்கிச்சு. "சாகக் கெடந்தவனுக்கு விசிறிப் பாத்திருக்கேன். செத்தவன் பெட்டிக்கு விசிறுறதை இன்னைக்குத்தான் பாக்கேன்"னு சித்தி சொன்னா. சொல்லிட்டு அவளே வந்து அட்டையை வாங்கி விசிறினா. எனக்குக் கை மரத்துப் போயிருந்துச்சு.

ஒரு மணிக்கு ஆம்பளைங்க திரும்பி வந்தாங்க. அஞ்சு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்னு என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி வச்சேன். அவர் எதுக்குன்னுகூடக் கேக்கலை. விஷயம் ஆளாளுக்குப் பரவி, ஒன்றரை நெருங்கும்போது ரூம் வாசல்ல இருபது பேர் நின்னாங்க. பாதிப் பேர் பயத்துல, பாதிப் பேர் வேடிக்கை பாக்க. நான் என் போன்ல ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி ஸ்பீக்கர் பக்கத்துல வச்சேன். காலையில கேட்டதைப் பதியத் தோணாமப் போச்சு, இதையாவது பிடிச்சிரணும்னு. அம்மா கட்டில் ஓரத்துல உக்காந்து, உள்ளங்கையில ரோஸ் மாத்திரையை வச்சுக்கிட்டு லேப்டாப்பையே பாத்துக்கிட்டிருந்தா. ஒரு கையில தண்ணித் தம்ளர்.

நான் ஓடுற வேலைப் பட்டியலை விநாடிக்கு ஒரு தடவை புதுசாக் காட்டுற மாதிரி வச்சிருந்தேன். பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலயே இருந்துச்சு. தெருவுல ஒரு ஆட்டோ போச்சு, அந்தச் சத்தம்கூட எனக்கு எரிச்சலா இருந்துச்சு.

சரியா ஒன்றரைக்குப் பட்டியல்ல உச்சியில புதுசா ஒரு வரி வந்துச்சு. அண்ணன் பேர். பக்கத்துல, ஒலியை ஓட்டுற புரோகிராமோட பேர். ஓடிக்கிட்டிருக்குன்னு காட்டுச்சு.

சத்தம் வரலை.

காதை ஸ்பீக்கர்ல வச்சேன். ஒண்ணுமில்லை, இரைச்சல்கூட இல்லை. வரி அப்படியே நின்னுச்சு. விநாடி ஓட ஓட நான் எண்ணினேன், என்னை அறியாம. பதினொண்ணு. பன்னெண்டாவது விநாடியில அந்த வரி காணாமப் போச்சு. அண்ணன் பேசி முடிச்சிட்டான். இருபது பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க, ஒருத்தர் காதுலயும் விழலை.

"ஏட்டி, மணி ஆயிருச்சா?"ன்னு கேட்டா அம்மா.

"ஆயிருச்சும்மா."

"அவன் கேக்கலையே."

அவன் பேர் வந்துச்சு, நின்னுச்சு, போச்சுன்னு எப்படிச் சொல்றது? "தண்ணி பட்டு ஸ்பீக்கர் போயிருச்சும்மா"ன்னேன். அப்போ நானே அதைத்தான் நம்பினேன். அம்மா உள்ளங்கையைக் குனிஞ்சு பாத்தா. வேர்வையில ரோஸ் கலர் கையில ஒட்டியிருந்துச்சு. மாத்திரையைப் பழையபடி டப்பாவுல போட்டு மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைக்கும் போடலை, மறுநாளும் போடலை. மூணாம் நாள் தலை சுத்தி விழுந்து, நெத்தியில ரெண்டு தையல் போட்ட பொறவுதான் சித்தி கையால வாங்கிப் போட்டா.

மிஷின் நாலே கால் வரைக்கும் தாங்குச்சு. கடைசி வரைக்கும் நான் விசிறிக்கிட்டுத்தான் இருந்தேன், எதுக்குன்னு தெரியலை. அணையும்போது ஒரு சின்ன டிக்குன்னு சத்தம் வந்துச்சு, அம்புட்டுதான். அஞ்சேகாலுக்கு என் வீட்டுக்காரர் சார்ஜரோட வந்தார். குத்தினேன், பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. ஆன் பண்ணினேன். ரகசிய வாக்கியத்தைக் கேட்டு ஒரு கோடு மினுக்கிக்கிட்டு நின்னுச்சு. அம்மா பேர், குலசாமி பேர், தெருப் பேர், என் பேர், எல்லாம் அடிச்சுப் பாத்தாச்சு. காரியம் முடிஞ்ச பொறவும் ஒரு மாசம் அடிச்சுப் பாத்தேன். இப்போ அது என் கடை அலமாரியில இருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஸ்பீக்கரைத் திட்டிக்கிட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். ஏழெட்டு மாசம் கழிச்சு, கடையில ஒரு பராமரிப்புக் கரண்டுக் கட்டு. வேலைக்கு வர்ற பொண்ணு கடை லேப்டாப்ல அவ லாகின்ல பாட்டு ஓட விட்டுட்டு ஒரு ஜெராக்ஸ் விஷயமாக் கோர்ட்டுக்குப் போயிருந்தா. அவசரமா ஒரு மனு அடிக்க வேண்டியிருந்துச்சு. அவளோடதை அப்படியே விட்டுட்டு, மூணு கீயை அமுக்கி என் பேர்ல உள்ளே போனேன். பாட்டு நின்னு போச்சு.

அவ திரைக்குத் திரும்பினேன், பாட்டு வந்துச்சு. என் திரைக்கு வந்தேன், நின்னுச்சு. பட்டியலைப் போட்டுப் பாத்தேன். அவ பேர்ல பாட்டு ஓடிக்கிட்டேதான் இருக்கு, சத்தம் மட்டும் வெளியே வரலை. மனுவை மறந்துட்டு அந்த வரியையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். மனு குடுக்க வந்தவர், "என்னம்மா, ஆவியைக் கீவியைப் பாத்துட்டியா?"ன்னு கேட்டார்.

பொறவு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த சிஸ்டத்துல ஸ்பீக்கர், யார் முன்னால உக்காந்திருக்காங்களோ அவங்களுக்குத்தான். வேற பேர்ல ஒரு ஆள் வந்து உக்காந்தா, பழைய ஆள்கிட்ட இருந்து அதை வாங்கி வந்தவங்ககிட்டக் குடுத்துரும். பழைய ஆள் வேலையை நிறுத்தாது. அவர் பாட்டுக்குப் பேசலாம், வெளியேதான் கேக்காது. அன்னைக்கு நான் அவன் பூட்டின ஸ்கிரீனை அப்படியே விட்டுட்டு, வெளிச்சத்தைக் குறைச்சு, ஒயரைப் பிடுங்கி, அந்த விமானக் கீயை மட்டும் அமுக்கிட்டு சும்மா இருந்திருந்தாக்கூட ஒன்றரையைத் தொட்டிருக்கும். அவன் பேசியிருப்பான். இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறேன்னு நான் போயி அவன் எடத்துல உக்காந்தேன். அவன் வாயைப் பொத்தினது தண்ணி இல்லை, நான்தான்.

அம்மாகிட்டச் சொல்றதா வேண்டாமான்னு ரெண்டு மாசம் குமைஞ்சேன். தினமும் ஒன்றரைக்கு அவளுக்குப் போன் பண்றேன், மாத்திரை போட்டியாம்மான்னு கேக்கேன். "ம், போட்டாச்சு"ம்பா. அந்த "போட்டுட்டேன்யா"ல இருந்த கொழைவு அதுல இருக்காது. போனை வச்சதும் எனக்கு அந்தப் பதினோரு விநாடி ஓடும். தினமும் ஓடும். கடையில சத்தமே இல்லாம ஒரு ஆள் பேசிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும்.

போன மாசம் தாங்க முடியாம ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அம்மா வாசல் பக்கம் உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். லினக்ஸ், ஸ்பீக்கர்னெல்லாம் அவளுக்கு என்ன புரியும்? "அன்னைக்கு ஒன்றரைக்கு அவன் பேசினான்மா. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்திருக்கு. நான் குறுக்க உக்காந்ததால யாருக்கும் கேக்காமப் போச்சு. என்னை மன்னிச்சிரும்மா"ன்னேன். அழுதேன். ஏசுவான்னு நெனச்சேன். அறைஞ்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன்.

அம்மா கீரைக்கட்டைக் கீழே வச்சா. "பேசினானா?"ன்னா.

"பேசினான்மா. நான் பாத்தேன்."

"எம்புட்டு நேரம் பேசினான்?"

"பதினோரு விநாடி."

அம்மா விநாடிக்கு ஒண்ணா வெரலை மடக்க ஆரம்பிச்சா. வாய்க்குள்ளேயே, சத்தம் வராம, "எம்மா, மாத்திரை போட்டியா"ன்னு சொல்லிப் பாத்தா. உதடு அசையறதுல எனக்குத் தெரிஞ்சுச்சு. ரெண்டு வெரல்ல முடிஞ்சிருச்சு. மறுபடியும் ஒரு தடவை சொல்லிப் பாத்தா. அப்பவும் ரெண்டு வெரல்தான். பொறவு மடக்காத மத்த வெரலையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா.

"அம்புட்டு நேரம் அவன் ஒரு நாளும் பேசினதில்லையே, ஏட்டி"ன்னா. "வேற என்னமோல்லா சொல்லியிருக்கான்."